சபைக் கமிட்டி செயலாளர் பொறுப்பு: வேதம் சொல்லும் தலைமையை அன்றாட வேலையில் கொண்டுவருவது எப்படி?

நெல்லை வாலிபன் (கேள்வி)

எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

எங்கள் சபையில் சுமார் 120 குடும்பங்கள். புதிய கமிட்டி அமைந்து, மூன்று வருடத்துக்குச் செயலாளர் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. ஐயரவர்களுக்கு (சபையின் குருவானவர்) எங்களையும் சேர்த்து நான்கு சபைகள். மாதத்தில் இரண்டு ஞாயிறுதான் இங்கே ஆராதனை நடத்த வருகிறார். மற்ற நாட்களில், அவருக்குத் துணையாக இங்கே ஊழியம் செய்யும் உபதேசியாரும் கமிட்டியும்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"பணிவிடைக்காரனாகத் தலைமை தாங்கு" என்று கன்வென்ஷன்களில் நிறையச் செய்தி கேட்டிருக்கிறோம். மாற்கு 10:43 மனப்பாடமாகத் தெரியும். ஆனால் திங்கட்கிழமை காலையில் எதைச் செய்வது, எதை விடுவது என்று வரும்போது அந்த வசனம் கைக்கு எட்டுவதில்லை. இப்போது மூன்று நான்கு பேர்தான் எல்லா வேலையும் செய்கிறார்கள். பண்டிகை வந்தால் அவர்கள் ஓய்ந்துபோகிறார்கள். காணிக்கை எண்ணுவது, செலவு செய்வது எல்லாம் நம்பிக்கையின் பேரில் நடக்கிறது, எழுத்து குறைவு. எங்கிருந்து தொடங்குவது? வேத ஆதாரத்தோடு, செய்யக்கூடிய முறையில் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தேரிக்காட்டான்

தம்பி, ஸ்தோத்திரம். வேலையைப் பகிர்வது பற்றி நான் எழுதுகிறேன். பணக் காரியத்தை மதுரை கணக்கர் வந்து சொல்வார், அவர் அதில் பழுத்தவர்.

யாத்திராகமம் 18-ல் மாமனார் எத்திரோ மோசேக்குச் சொன்ன ஆலோசனையை "உதவிக்கு ஆள் வைத்துக்கொள்" என்று சுருக்கிவிடுகிறோம். அதிலுள்ள கணக்கைப் போட்டுப் பாருங்கள். எகிப்திலிருந்து புறப்பட்ட புருஷர் ஏறக்குறைய ஆறு லட்சம் என்கிறது 12:37. பத்துப்பேருக்கு ஒருவர் என்றால் 60,000. ஐம்பதுக்கு ஒருவர் 12,000, நூறுக்கு 6,000, ஆயிரத்துக்கு 600. மொத்தம் 78,600. எட்டுப் பேருக்கு ஒருவர் கையில் ஏதோ ஒரு பொறுப்பு! மோசேக்குக் கீழே நாலைந்து உதவியாளரை நிறுத்துவது எத்திரோவின் எண்ணத்திலேயே இல்லை. ஒவ்வொருவருக்கும் எட்டும் தூரத்தில், தன்னைப் பெயர் சொல்லி அறிந்த ஒரு மூப்பன் இருக்கவேண்டும் என்பதுதான் அந்த ஏற்பாடு.

உங்கள் 120 குடும்பத்துக்குப் பத்து வீட்டுக்கு ஒருவர் என்றால் 12 பேர். இவர்கள் கமிட்டி அங்கத்தினராக இருக்கவேண்டிய அவசியமே இல்லை, இல்லாமலிருந்தால் இன்னும் நல்லது. தெரு வாரியாகப் பிரியுங்கள். வேலை மூன்றே மூன்று: இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் போய் ஜெபித்து வருவது, வியாதி, மரணம், பிரசவம் என்றால் அன்றே உபதேசியாருக்குச் சொல்வது, தொடர்ந்து மூன்று ஞாயிறு வராதவர்களை நான்காவது ஞாயிற்றுக்குள் போய்ப் பார்ப்பது. இதற்குமேல் சுமத்தாதீர்கள். காணிக்கை வசூலை இவர்களிடம் கொடுத்துவிட்டால் போச்சு. வீட்டுக்கு வருகிறவர் பணத்துக்கு வருகிறார் என்ற எண்ணம் விழுந்துவிடும், பிறகு யாரும் மனம் திறந்து பேசமாட்டார்கள்.

அடுத்தது 22-ஆம் வசனம். பெரிய காரியங்கள் மோசேயிடம் வரட்டும், சிறியவற்றை அவர்களே தீர்க்கட்டும் என்கிறது. பெரும்பாலான சபைகளில் இந்த எல்லைதான் போடப்படுவதில்லை. எது பெரியது, எது சிறியது என்று எழுதாவிட்டால் எல்லாமே பெரிய காரியமாகிச் செயலாளர் வீட்டு வாசலில் வந்து நிற்கும். உதாரணமாக, கட்டடப் பராமரிப்புக்குப் பொறுப்பானவர் 2,000 ரூபாய் வரை கேட்காமலே செலவு செய்யலாம். 10,000 வரை செயலாளரும் பொருளாளரும் சேர்ந்து ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் கமிட்டித் தீர்மானம். தொகையை உங்கள் சபையின் அளவுக்கும் பிஷப்பின் கீழுள்ள டயோசிஸ் விதிக்கும் ஏற்ற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எண்ணாக எழுதியே ஆகவேண்டும்.

பொறுப்பு கொடுக்கும்போது அரைப்பக்கத் தாள் ஒன்று கொடுங்கள். செய்யவேண்டிய வேலை, கேட்காமல் முடிவெடுக்கக்கூடிய எல்லை, யாரிடம் எப்போது சொல்லவேண்டும், எந்தத் தேதியோடு முடிகிறது. இந்தக் கடைசி வரியை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். முடிவுத் தேதி இல்லாத பொறுப்பு சில வருடங்களில் சொத்தாக மாறிவிடும். "ஒலிபெருக்கி அவர் பார்ப்பதுதானே" என்று இருபது வருடம் ஓடும். அவருக்கும் விடுதலை இல்லை, அடுத்தவரும் கற்றுக்கொள்ளவில்லை.

வழக்கமாக எங்கே கெடுகிறது என்றும் சொல்கிறேன். வேலையைக் கொடுத்து அதிகாரத்தைக் கொடுக்காமல் வைத்திருப்பது முதலாவது. 300 ரூபாய் பல்புக்கு மூன்று போன் போடவேண்டியிருந்தால் அந்த மனிதர் நாலாவது மாதம் ஒதுங்கிவிடுவார். இரண்டாவது, அவர் ஒருமுறை தாமதித்ததும் "சரி, நானே செய்துவிடுகிறேன்" என்று திரும்ப வாங்கிக்கொள்வது. சபை முழுதும் பார்த்திருக்க அப்படி ஒருமுறை வாங்கினால், பிறகு யாரும் பொறுப்பை மனதோடு ஏற்கமாட்டார்கள். தாமதமானால் கேளுங்கள், உதவிக்கு ஒருவரைச் சேருங்கள். தேதி வரும்வரை பொறுப்பு அவரிடமே இருக்கட்டும்.

ஆள் தெரிந்தெடுப்பதில் அப்போஸ்தலர் 6-ஐக் கூர்ந்து வாசியுங்கள். கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாடப் பங்கீட்டில் விடப்படுகிறார்கள் என்று முறையீடு. தெரிந்தெடுக்கப்பட்ட ஏழு பேர்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். எந்தப் பக்கத்திலிருந்து குறை வந்ததோ அந்தப் பக்கத்தாரிடமே பந்தி ஒப்படைக்கப்பட்டது என்றுதான் நான் வாசிக்கிறேன். சபை விருந்தைப் பற்றிக் கீழத்தெருக்காரர்கள் "அசனத்தில் எங்களுக்குச் சரியாகப் பரிமாறுவதில்லை" என்று சொன்னால், சமாதானம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். அடுத்த அசனப் பொறுப்பில் பாதிப் பேரை அந்தத் தெருவிலிருந்து போடுங்கள்.

கடைசியாக ஒன்று. எருசலேமுக்கு வந்த நெகேமியா மூன்று நாள் சும்மா இருந்தார். பிறகு இராத்திரியில் சில பேரோடு மட்டும் போய் இடிந்துகிடந்த அலங்கத்தை (நகர மதிலை) சுற்றிப் பார்த்தார். தன் மனதில் இருப்பதை ஒருவருக்கும் சொல்லவில்லை (2:11-16). நீங்களும் முதல் மாதம் புதிய அறிவிப்பு எதுவும் கொடுக்காமல் கடந்த மூன்று வருடத் தீர்மானப் புத்தகத்தை எடுத்து, நிறைவேறாத தீர்மானங்களை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். சபையின் உண்மை நிலைமை அந்தத் தாளில் தெரியும். 3-ஆம் அதிகாரத்தில் பலர் தங்கள் தங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த பகுதியைத்தான் கட்டினார்கள் என்பதையும் கவனியுங்கள். 52 நாளில் அலங்கம் முடிந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம். அவரவருக்கு அக்கறையுள்ள இடத்தில் அவரவரை வையுங்கள்.

மதுரை கணக்கர்

தேரிக்காட்டான் சொன்ன முதல் மாத மௌனத்தில் எனக்கு ஒரு விலக்கு உண்டு. பணம் எண்ணும் முறையை முதல் ஞாயிறே மாற்றுங்கள். யாரிடமாவது குறை தெரிந்தபிறகு மாற்றினால், அந்த நபரைச் சந்தேகித்ததாகிவிடும். பொறுப்பேற்ற அன்றே மாற்றினால் அது முறை, அவ்வளவுதான்.

வேதத்தில் இதற்கு மிகத் தெளிவான இடம் எஸ்றா 8. நான்கு மாதப் பயணத்துக்கு முன் அகாவா நதியண்டையில் எஸ்றா 12 ஆசாரியரைப் பிரித்தெடுத்து, வெள்ளியையும் பொன்னையும் நிறுத்து அவர்கள் கையில் கொடுக்கிறார். வெள்ளி மட்டும் 650 தாலந்து. எருசலேம் சேர்ந்த நாலாம் நாளில் ஆலயத்தில் வேறு ஆட்கள் முன்னிலையில் எல்லாம் திரும்ப நிறுக்கப்படுகிறது, நிறை எழுதப்படுகிறது. பாதுகாப்புக்குச் சேவகரைக் கேட்க வெட்கப்பட்டு உபவாசித்து ஜெபித்த அதே எஸ்றாதான் தராசையும் விடவில்லை. "கர்த்தருடைய பணம், கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்பவர்களுக்கு இந்த ஒரு அதிகாரம் போதும். பவுலும் எருசலேமுக்கான தர்மப்பணத்தை எடுத்துப்போகச் சபைகள் தெரிந்தெடுத்த ஆளைக் கூட்டிக்கொண்டார். கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக இருக்கவேண்டும் என்று காரணமும் எழுதினார் (2 கொரி. 8:19-21).

இனி நடைமுறை.

ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பை வெஸ்ட்ரிக்கு (ஆலயத்தை ஒட்டிய அறை) போகவேண்டும். அங்கே மூன்று பேர் எண்ணவேண்டும். மூவரும் ஒரே குடும்பத்தவராக இருக்கக்கூடாது, பொருளாளர் அந்த மூவரில் ஒருவராக இருக்கக்கூடாது. 500, 200, 100, 50, 20, 10, சில்லறை என்று நோட்டு வாரியாக எத்தனை என்று சீட்டில் எழுதி, கூட்டி, மூவரும் கையெழுத்துப் போடவேண்டும். சீட்டு இரண்டு பிரதி. ஒன்று பணத்தோடு பொருளாளருக்கு, இன்னொன்று செயலாளர் கோப்புக்கு. உறைக் காணிக்கை என்றால் உறையின் மேல் எழுதியிருக்கும் தொகையும் உள்ளே இருப்பதும் பொருந்துகிறதா என்று பிரிக்கும்போதே பார்த்து, பொருந்தாவிட்டால் உறையிலேயே குறித்து மூவரும் சுருக்கொப்பம் இடவேண்டும். எண்ணாமல் பை யார் வீட்டுக்கும் போகக்கூடாது. "மழை வருகிறது, நாளைக்கு எண்ணுவோம்" என்பதும் கூடாது.

எண்ணிய தொகை முழுவதும், ஒரு ரூபாய் குறையாமல், மறுநாள் வங்கியில் போடப்படவேண்டும். சபைக் கணக்குகள் குழம்புவதற்கு நான் காணும் முதல் காரணம் திருட்டு அல்ல. காணிக்கைப் பணத்திலிருந்தே எலக்ட்ரீஷியனுக்கும் பூவுக்கும் கொடுத்துவிட்டு மிச்சத்தை வங்கியில் போடும் பழக்கம்தான். அப்போது வரவுச் சீட்டும் வங்கிப் புத்தகமும் ஒருநாளும் ஒத்துப்போகாது. உண்மையான மனிதர்மேல்கூடச் சந்தேகம் விழும். சில்லறைச் செலவுக்கு 3,000 ரூபாய் போலத் தனியாகக் கொடுத்து வையுங்கள். ரசீதுகளைக் காட்டினால் செலவான தொகைக்கு மட்டும் காசோலை, மறுபடியும் 3,000 நிறையும். கையிருப்பும் ரசீதும் சேர்ந்து எப்போது பார்த்தாலும் 3,000 இருக்கவேண்டும்.

யுபிஐ வந்தபிறகு புதிய தொல்லைகள். பலகையில் ஒட்டும் க்யூஆர் சபையின் வங்கிக் கணக்குக்கே போகவேண்டும். "இப்போதைக்கு" என்று பொருளாளரின் சொந்த நம்பரை ஒட்டுவது எவ்வளவு நல்லவராக இருந்தாலும் வேண்டாம். அவருடைய சம்பளமும் சபைப் பணமும் ஒரே கணக்கில் கலந்தால் பிரித்துக் காட்ட அவராலேயே முடியாது. மாதத்துக்கு ஒருமுறை ஒரு ரூபாய் அனுப்பி, ஒட்டிய க்யூஆர் மாற்றப்படாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

கட்டடநிதி, மிஷனெரி காணிக்கை, ஏழைகள் நிதி என்று பெயர் சொல்லி வாங்கியதை அந்தக் காரியத்துக்கே செலவு செய்யவேண்டும். "கடனாக எடுத்துத் திரும்ப வைப்போம்" என்றால் கமிட்டித் தீர்மானமும் திருப்பும் தேதியும் வேண்டும். 2 இராஜாக்கள் 12-ல் யோவாஸ் ராஜாவின் 23-ஆம் வருஷம்வரை ஆலயம் பழுதுபார்க்கப்படாமலே கிடந்தது. வாங்குவதும் செலவழிப்பதும் ஆசாரியர்கள் கையிலேயே இருந்தது. ஆசாரியனாகிய யோய்தா ஒரு பெட்டியின் மூடியில் துவாரமிட்டுப் பலிபீடத்தண்டையில் வைத்தார்; எண்ணும்போது ராஜாவின் சம்பிரதியும் (எழுத்தர்) பிரதான ஆசாரியனும் சேர்ந்து எண்ணினார்கள். யாரையும் குற்றப்படுத்தாமல் ஏற்பாட்டை மாற்றியதும் வேலை நடந்தது.

அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருள்களை ஏலம் விட்டதில் வரும் பாக்கியை மறந்துவிடாதீர்கள். ஏலம் எடுத்தவர், பொருள், தொகை, கட்டிய தேதி என்று நாலு கட்டம் போட்டு ஒரு நோட்டு. பாக்கி வைத்திருப்பவர் பெயரைச் சபையில் வாசிக்கக்கூடாது. பொருளாளரும் இன்னொருவரும் வீட்டுக்குப் போய்ப் பேசவேண்டும். ரசீதுப் புத்தகங்களில் அச்சிட்ட வரிசை எண் இருக்கட்டும். பிழையான ரசீதைக் கிழித்துப் போடாமல் "ரத்து" என்று எழுதி அதிலேயே விட்டுவிடுங்கள்.

வெளிநாட்டுப் பணம் பற்றி ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டில் வேலை செய்யும் இந்தியக் குடியுரிமையுள்ள சபையார் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்புவது வேறு. அந்த நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் அனுப்புவது எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறை) சட்டத்துக்குள் வரும். நம் ஊரில் பிறந்தவர், நம் சபையில் ஞானஸ்நானம் எடுத்தவர் என்பதெல்லாம் அங்கே செல்லாது. பதிவில்லாத சபைக் கணக்கில் அதை வாங்கக்கூடாது. அப்படி யாராவது கட்டடநிதிக்குக் கொடுக்க விரும்பினால் டயோசிஸ் அலுவலகத்தைக் கேட்காமல் கணக்கு எண் கொடுக்காதீர்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவுசெலவை ஒரே பக்கத்தில் எழுதி அறிவிப்புப் பலகையில் போடுங்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்காக ஆராதனை முடிந்தபின் வாய்மொழியாகவும் சொல்லுங்கள். கேள்வி வந்தால் கோபப்படாமல் பதில் சொல்லும் பொருளாளர்தான் நல்ல பொருளாளர். சாமுவேல் தன் முதிர்வயதில் ஜனங்கள் எல்லார் முன்பாகவும் நின்று, யாருடைய எருதை எடுத்தேன், யாருக்கு இடுக்கண் செய்தேன், சொல்லுங்கள் என்று தானே கேட்டார் (1 சாமு. 12:3).

நெல்லை வாலிபன்

அண்ணன், ஐயா இருவருக்கும் நன்றி. எண்ணும் சீட்டை இந்த ஞாயிறே அச்சடிக்கிறோம்.

இன்னும் இரண்டு காரியம் மனதை அழுத்துகிறது. சபைக்கு நிறையக் கொடுக்கிற ஒருவர் கமிட்டியில் இருக்கிறார். அவர் பேசிவிட்டால் மற்றவர்கள் வாய் திறப்பதில்லை. அடுத்தது, ஊழியர்மேலோ பொறுப்பிலுள்ளவர்கள்மேலோ புகார் வந்தால் எப்படிக் கையாள்வது? இதுவரை திண்ணையில் பேசித் தீர்த்துவிடுவதுதான் வழக்கம்.

ஞாயிறுபள்ளி டீச்சர்

தம்பி, முதலாவது காரியத்துக்கு யாக்கோபு 2:1-4 நேராகவே பேசுகிறது. பொன்மோதிரம் போட்டு வருகிறவனுக்கு நல்ல இடமும் ஏழைக்குப் பாதப்படியண்டை இடமும் கொடுப்பது பட்சபாதம். ஆனால் அந்த வசனத்தை அவர் முகத்துக்கு நேரே வாசித்துக் காட்டுவதால் ஒன்றும் மாறாது. கூட்டம் நடக்கும் முறையை மாற்றுங்கள்.

நிகழ்ச்சிநிரலை மூன்று நாள் முன்னதாக எல்லாருக்கும் கொடுங்கள். அதில் இல்லாத காரியத்தை அன்று பேசலாம், தீர்மானிக்க வேண்டாம். முக்கியமான காரியங்களில் வயதில் இளையவரிலிருந்து தொடங்கி, சுற்றி ஒவ்வொருவரும் இரண்டு நிமிடம் பேசட்டும், பெரியவர்கள் கடைசியில். பெண்கள் கமிட்டியில் இருந்தால் அவர்களை டீ ஏற்பாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தீர்மானம் எடுக்காதீர்கள், இது இன்னும் நடக்கிறது. யாருடைய கடையிலிருந்து சிமெண்ட் வாங்குகிறோமோ, யாருடைய உறவினருக்கு வேலை கொடுக்கிறோமோ, அவர் அந்தக் காரியம் முடியும்வரை வெளியே இருக்கவேண்டும். அவர் வெளியே போனார் என்றும் தீர்மானப் புத்தகத்தில் எழுதவேண்டும்.

அப்போஸ்தலர் 15-ல் "மிகுந்த தர்க்கம்" உண்டானது என்று லூக்கா மறைக்காமல் எழுதுகிறார். பேதுரு பேசினார், பர்னபாவும் பவுலும் பேசினார்கள், மற்றவர்கள் அமைதியாகக் கேட்டார்கள். கடைசியில் யாக்கோபு முடிவைச் சொன்னார். முடிவு கடிதமாக எழுதப்பட்டது. கடிதத்தோடு யூதாவும் சீலாவும் நேரில் போய் வாய்மொழியாகவும் அறிவித்தார்கள். தர்க்கம் வந்தால் ஆவிக்குரிய ஐக்கியம் கெட்டுவிட்டது என்று பயப்படுகிறவர்கள் இதை வாசிக்கவேண்டும். கூட்டத்தில் வாய் திறக்காமல் இருந்தவர்கள் வெளியே போய்ப் பேசுவதுதான் சபையைப் பிளக்கும்.

அவர் கொடுப்பதைக் குறித்தும் ஒரு வார்த்தை. நன்கொடையைப் பலகையில் பெயரோடு எழுதும் வழக்கம் இருந்தால், கமிட்டித் தீர்மானமாகவே அதை நிறுத்திவிடலாம். ரசீது அவருக்கு, சபைக்கு மொத்தத் தொகை மட்டும். பணம் நின்றுவிடும் என்ற பயம் எல்லாக் கமிட்டிக்கும் உண்டு. நின்றாலும், ஒருவர் கையில் சபை இருப்பதைவிட நூறு வீட்டின் சிறு காணிக்கையில் நிற்பது நல்லது. 3 யோவானில் வரும் தியோத்திரேப்பு முதன்மையாயிருக்க விரும்பினவன். வருகிற சகோதரரை ஏற்காமல், ஏற்க மனதுள்ளவர்களையும் தடுத்துச் சபைக்குப் புறம்பாக்கினான். முதன்மை ஆசை எங்கே போய் முடியும் என்பது அந்த இரண்டு வசனத்தில் இருக்கிறது.

புகாருக்கு வருகிறேன். எந்தப் புகார் எந்த வழியில் போகவேண்டும் என்று முதலில் பிரியுங்கள்.

இரண்டு பேருக்கு இடையே மனஸ்தாபம் என்றால் மத்தேயு 18:15-17. முதலில் தனிமையில், பிறகு ஒன்றிரண்டு பேரோடு, பிறகு சபைக்கு. நடைமுறையில் முதல் படியைத்தான் தாண்டிக் குதிக்கிறோம். யாராவது உங்களிடம் இன்னொருவரைப் பற்றிச் சொல்ல வந்தால், "அவரிடம் பேசினீர்களா?" என்பது முதல் கேள்வியாக இருக்கட்டும். இல்லை என்றால் ஒரு வாரம் கொடுங்கள். தனியாகப் பேசப் பயந்தால் துணைக்குப் போங்கள்.

ஊழியர் அல்லது பொறுப்பிலுள்ளவர்மேல் புகார் என்றால் 1 தீமோத்தேயு 5:19-21. இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் மூப்பன்மேல் பிராதை ஏற்கக்கூடாது என்பது ஒரு பக்கம். குற்றம் உறுதியானால் எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள், பட்சபாதம் வேண்டாம் என்பது அடுத்த பக்கம். முதல் வசனத்தை மட்டும் பிடித்துக்கொண்டு மூடி மறைக்கிற சபைகளும் உண்டு. வதந்தியை நம்பி ஊழியரைத் துரத்துகிற சபைகளும் உண்டு. புகாரை எழுத்தில் வாங்குங்கள். தேதி, நடந்தது, யார் பார்த்தார்கள். புகார் செய்யப்பட்டவரின் பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். விசாரிக்கிற மூவரில் இரு தரப்புக்கும் உறவினர் இருக்கக்கூடாது. ஐயரவர்களுக்கு முதல் நாளே தெரிவிக்கவேண்டும். முடிவு சொல்ல ஒரு தேதி வையுங்கள். முடிவில்லாமல் இழுத்தடிப்பதும் அநியாயம்தான்.

ஆனால் இதை நன்றாக மனதில் வையுங்கள்: பிள்ளைகளுக்கு எதிரான பாலியல் குற்றம் இந்த இரண்டு வழியிலும் போகவே கூடாது. குற்றம் செய்ததாகச் சொல்லப்படுகிறவரோடு குழந்தையையோ பெற்றோரையோ உட்காரவைத்து "தனிமையில் பேசுங்கள்" என்பது வசனத்தைக் கொடுமையாகத் திருப்புவது. போக்சோ சட்டத்தின்படி, குற்றம் நடந்தது என்று அறிந்தவர் காவல்துறைக்கோ சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவித்தே ஆகவேண்டும். தெரிவிக்காமல் இருப்பதே குற்றம். 1098 எண்ணில் குழந்தைகள் உதவி மையம் கிடைக்கும். சபைப் பெயர் கெட்டுவிடும் என்று கமிட்டி கூடி ஆலோசித்துக்கொண்டிருக்க அதில் இடமே இல்லை. முன்னெச்சரிக்கையாக, ஞாயிறுபள்ளி வகுப்பிலும் விடுமுறை வேதாகமப் பள்ளியிலும் ஒரு அறையில் இரண்டு பெரியவர்கள் இருக்கவேண்டும், கதவு திறந்திருக்கவேண்டும். பிள்ளைகளை ஒருவர் தனியாக வண்டியில் கூட்டிப்போகக்கூடாது. புதிதாக வந்தவர் ஆறு மாதமாவது சபையில் பழகியபின்தான் வகுப்பு. "சீக்கிரமாய்க் கைகளை வையாதே" என்று பவுல் சொன்னதை நான் இங்கேயும் பொருத்திப் பார்க்கிறேன்.

யாரும் எழுதாததால் நானே எழுதிவிடுகிறேன்: சாதி. கமிட்டித் தேர்தலில் பட்டியல் எப்படிப் போடப்படுகிறது என்று நமக்கெல்லாம் தெரியும். 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைகளில் சாதி வேறுபாட்டை அடியோடு விடவேண்டும் என்று கடிதம் அனுப்பியபோது தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் சபைகள் பிளந்தன. அந்தப் பிரச்சினை இன்னும் முடியவில்லை. அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு பந்தியிருப்பதை விட்டு விலகினபோது பவுல் முகமுகமாய் எதிர்த்தார்; அதுவும் எல்லாருக்கும் முன்பாக (கலா. 2:11-14). பந்தியில் நடந்த பாவத்துக்குப் பந்தியிலேயே கண்டிப்பு. செயலாளர் என்ற முறையில் நீங்கள் செய்யக்கூடியது: 12 தெருப் பொறுப்பாளர், எண்ணும் மூவர், அசனக் குழு எல்லாவற்றிலும் பெயர்களை எழுதியபின் ஒருமுறை திரும்பப் பாருங்கள். ஒரே உறவு வட்டமாக இருந்தால் தாளைக் கிழித்து மறுபடி எழுதுங்கள்.

டோர்ணக்கல் வாசகர்

மேலே எல்லாரும் நன்றாகச் சொல்லிவிட்டார்கள். விடுபட்ட ஒரு இடத்தைச் சேர்க்கிறேன். கமிட்டிக்குக் கீழே சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்களிடம் அந்தக் கமிட்டி எப்படி நடந்துகொள்கிறது?

உங்கள் மண்ணில், வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த வே. ச. அசரியா 1910-ல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில் பேசியது இதைப் பற்றித்தான். மிஷனெரிகள் பொருளைக் கொடுத்தார்கள், உயிரையும் கொடுத்தார்கள். ஆனால் இந்திய ஊழியரோடு சமமாக உட்காரும் நட்பு இல்லை என்று அந்த மாநாட்டிலேயே சொன்னார். அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று முடித்தார். அங்கிருந்த பலருக்கு அது பிடிக்கவில்லை. அதற்கு முன்பே, 1903-ல் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கமும் 1905-ல் செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கமும் தொடங்கியதில் அவர் முன்னின்றார். இந்தியருடைய ஆள், இந்தியருடைய பணம், இந்தியருடைய நிர்வாகம் என்பதே அவற்றின் கொள்கை. 1912 டிசம்பரில், தெலுங்கு பேசும் பகுதியான டோர்ணக்கலுக்குப் பிஷப்பானார். ஆங்கிலிக்கன் சபையில் இந்தியர் ஒருவர் பிஷப்பானது அதுவே முதல்முறை. தெலுங்கு கற்றுக்கொண்டு, மாட்டுவண்டியில் கிராமம் கிராமமாகப் போய், கிராம உபதேசிமாரையும் அவர்கள் மனைவிமாரையும் பயிற்றுவிப்பதில்தான் தன் பெரும்பங்கு நேரத்தைச் செலவிட்டார். 1945 ஜனவரி 1-ல் அங்கேயே மரித்தார்.

உங்கள் சபைக்கு இதைப் பொருத்துங்கள். உபதேசியாருக்கும், ஆலய வேலைகளைச் செய்யும் கோயில்பிள்ளைக்கும் சம்பளம் எந்தத் தேதியில் போகிறது? ஐந்தாம் தேதிக்குள் போகவேண்டும், கேட்டு வாங்கும்படி வைக்கக்கூடாது. யாக்கோபு 5:4-ல் பிடித்துவைத்த கூலியே கூக்குரலிடுகிறது. வாரத்தில் ஒருநாள் முழு விடுப்பு. ஞாயிறு அவர்களுக்கு ஓய்வுநாள் அல்ல என்பதால் திங்கள் கொடுங்கள். அன்று அவர்களுக்குப் போன் போடுவதில்லை என்று கமிட்டியே தீர்மானிக்கட்டும். கோயில்பிள்ளைக்கு வேலை சொல்வது ஒரே ஒருவராக இருக்கட்டும். பதினைந்து அங்கத்தினரும் ஆளுக்கொன்று சொன்னால் அவர் எதைச் செய்தாலும் யாராவது திட்டுவார்கள். அசனத்தில் அவரும் அவர் குடும்பமும் கடைசிப் பந்தியில் உட்காருகிறார்கள் என்றால், கமிட்டி அவர்களோடு அதே பந்தியில் உட்காரட்டும்.

ஒப்படைப்பையும் இப்போதே திட்டமிடுங்கள். எண்ணாகமம் 27-ல் மோசே யோசுவாவை ஆசாரியனாகிய எலெயாசாருக்கும் சபையனைத்துக்கும் முன்பாக நிறுத்தி, உயிரோடிருக்கும்போதே தன் கனத்தில் கொஞ்சம் கொடுக்கிறார். சாமுவேலோ தன் குமாரரை நியாயாதிபதிகளாக வைத்தார், அவர்கள் பரிதானம் (லஞ்சம்) வாங்கினார்கள். ஜனங்கள் ராஜாவைக் கேட்டதற்கு அதுவும் ஒரு காரணம். உங்கள் மூன்றாவது வருடத்தில் கடைசி ஆறு மாதம் ஒரு இணைச் செயலாளர் கூடவே இருந்து கூட்டக் குறிப்பு எழுதட்டும். ஒப்படைக்கும் நாளில் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள், தீர்மானப் புத்தகம், சொத்து ஆவணங்கள், வரி ரசீதுகள், மின் இணைப்பு எண்கள், சாவிகள், ரசீதுப் புத்தகங்களின் கடைசி எண், வங்கிக் கையெழுத்து மாற்றம், மின்னஞ்சல் கடவுச்சொல், வாட்ஸ்அப் குழு அட்மின் என்று பட்டியலிட்டு ஐயரவர்கள் முன்னிலையில் இருவரும் கையெழுத்திடுங்கள். திருமணப் பதிவேடு 1872-ஆம் வருட இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின்படி வைக்கப்படும் ஆவணம். அது யார் வீட்டு பீரோவிலும் இருக்கக்கூடாது. முந்தைய செயலாளரிடமிருந்து இப்படி ஒரு பட்டியல் உங்களுக்கு வந்ததா? வரவில்லை என்றால் குறை சொல்லாமல் அவரோடு ஒருநாள் உட்கார்ந்து தயாரியுங்கள்.

நெல்லை வாலிபன்

பட்டியல் வரவில்லை, முன்னாள் செயலாளர் அண்ணாச்சியிடம் சனிக்கிழமை நேரம் கேட்டிருக்கிறேன். கோயில்பிள்ளைக்கு வேலை சொல்வது ஒருவர்தான் என்பதை முதல் கூட்டத்திலேயே வைக்கிறேன். ஒரு சந்தேகம் மட்டும்: காணிக்கை எண்ணும் மூவர் வாராவாரம் மாறவேண்டுமா? எங்கள் சபையில் பொறுமையாக எண்ணக்கூடியவர்கள் அதிகம் இல்லை.

மதுரை கணக்கர்

ஒன்பது பேரைச் சேர்த்து மூன்று குழுவாக்குங்கள், மாதம் ஒரு குழு. வாராவாரம் மாற்றினால் சீட்டு எழுதுவதில் பிழை அதிகமாகும். வருடக்கணக்கில் மாற்றாமல் வைத்தால் சரிபார்க்கிற கண் மங்கிவிடும். ஒவ்வொரு குழுவிலும் ஒரு வாலிபரோ கல்லூரி மாணவியோ இருக்கட்டும், கூட்டலை அவர்கள் பார்ப்பார்கள். பண்டிகை, அறுப்பின் பண்டிகை, கிறிஸ்துமஸ் ஆராதனைகளுக்கு மூன்றில் இரண்டு குழுக்கள் சேர்ந்து உட்காரட்டும். ஒரு குழு எண்ணிக் கட்டுப்போட்டதை அடுத்த குழு திரும்ப எண்ணிச் சீட்டில் ஒப்பமிடவேண்டும். பத்து ரூபாய் நாணயங்களைத் தனிப் பையில் போட்டு மேலே தொகையை எழுதுங்கள், வங்கியில் நேரம் மிச்சமாகும்.